பச்சை மையில் ஒரு 'பேசுக'

மண்டல நிர்வாக அலுவலர் அழகுமலைக்குத் தமிழில் பிடித்த சொல் ஒன்றே ஒன்றுதான். பேசுக.

தல்லாகுளத்தில், நகர்ப்புற வசதிகள் வாரியத்தின் மாடியறையில், அவர் மேசைக்கு எந்தக் கோப்பு வந்தாலும் நடைமுறை ஒன்றுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதல் பக்கத்தைப் புரட்டுவார், கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார், நடுவில் இருப்பதை மரியாதையோடு விட்டுவிடுவார். பிறகு பச்சை மைப் பேனாவைத் திறந்து, ஓரத்தில் சற்றே சாய்வாக, மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவது போல எழுதுவார்: பேசுக.

அந்த உலகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியாது. 'பேசுக' என்றால், இந்தக் கோப்பைப் பற்றிக் கண்காணிப்பாளர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று பொருள். கோப்பு மாடியிலிருந்து கீழே இறங்கும். விளக்குவதற்குக் கண்காணிப்பாளர் கீழேயிருந்து மேலே ஏறுவார். அவர் ஏறும்போது இவர் கூட்டத்தில் இருப்பார். கூட்டம் இல்லாத நாளில் முகாமில் இருப்பார். முகாமும் இல்லை என்றால் தலைவலியில் இருப்பார். கோப்பு கீழே தூங்கும். யாராவது கேட்டால், "பேசச் சொல்லியிருக்கேனே, பேசலையா அவங்க?" என்று அழகுமலை கண்ணை அகல விரிப்பார். சரி என்று எழுதினால் தணிக்கை வரும். முடியாது என்று எழுதினால் வழக்கு வரும். பேசுக என்று எழுதினால் ஒரு மண்ணும் வராது. இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

பணியில் அவருக்கு ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது கிடையாது. அரசாங்க பாஷையில் அதற்குப் பதினேழு பி என்று பெயர். அந்த எண்ணைக் கேட்டாலே மற்ற அலுவலர்களுக்குத் தூக்கம் போய்விடும். அழகுமலையோ தம் வீட்டுக்குக் கதவிலக்கம் பதினேழு பி என்று வந்தாலும் பூரித்துப்போய்க் குடியேறக்கூடியவர். முடிவு எடுப்பவனுக்குத்தானே தண்டனை?

இப்படிப்பட்டவரை வாரியம் ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. பயிற்சியின் பெயர், 'முடிவெடுக்கும் கலை'.

நட்சத்திர ஓட்டலில் நடந்த பயிற்சி. மூன்று வேளையும் சாப்பாடு, இடையில் முந்திரிப்பருப்பு. திரும்பி வந்தபோது அழகுமலையிடம் ஒரு சான்றிதழும், கொஞ்சம் தொப்பையும், நிறையச் சொற்களும் இருந்தன. சான்றிதழைச் சட்டம் போட்டுத் தம் நாற்காலிக்குப் பின்னால், தமக்கென்று தனியாக இருந்த கழிப்பறையின் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினார். வருகிறவர் கண் நேரே விழுகிற இடம் அது ஒன்றுதான்.

வந்த வேகத்தில் ஒரு சுற்றறிக்கையும் விட்டார். வெளிப்படையான நிர்வாகம் பற்றிய சுற்றறிக்கை. கோப்பில் அலுவலர் இடும் ஆணை, ஒரு சொல் கூடாமலும் குறையாமலும், மனுவில் கையொப்பமிட்ட ஒவ்வொருவருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். எழுதும்போதே அவருக்குப் புல்லரித்தது. கண்காணிப்பாளர் தாமரைச்செல்வி அதை இரண்டு முறை படித்தார்.

"எல்லா ஆணையுமா சார்?"

"எல்லா ஆணையும்தான். மக்களுக்கு நம்ம மனசு தெரியணும் மேடம்."

"சரிங்க சார்" என்றார் தாமரைச்செல்வி. இருபது வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லி, அதில் எந்த உணர்ச்சியும் ஒட்டாமல் வைத்திருக்கக் கற்றவர் அவர்.

இனி ஆனையூர் கழிப்பறைக்கு வருவோம்.

ஆனையூரில் கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு சாயங்காலச் சந்தை. காய்கறி, பூ, முட்டை, நிலக்கடலை, பிளாஸ்டிக் வாளி. விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முன்பு பக்கத்தில் கருவேலங்காடு இருந்ததால் அவர்கள் பாடு எப்படியோ ஓடியது. காட்டை அழித்து அடுக்குமாடி எழுப்பிய பிறகு, ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தர் நாற்காலி போட்டுக் காற்று வாங்குகிறார். ஆகவே வாரியம் அங்கே பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கட்டியது. பளபளவென்று ஓடு பதித்து, மேலே தண்ணீர்த் தொட்டி வைத்து, சுவரில் மயில் வரைந்து, வாசலில் கல்வெட்டும் பதித்தாயிற்று. திறந்து வைத்தவர் பெயர் வரவேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. இரண்டு பெரிய மனிதர்கள், 'என்னைக் கூப்பிடாமல் திறந்துவிடுவார்களோ' என்று தனித்தனியே விசாரித்திருந்தார்கள். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவர் முறைப்பார். யாரையும் கூப்பிடாவிட்டால் இரண்டு பேரும் முறைப்பார்கள். அழகுமலை முதலில் தம் பயிற்சியைப் பிரயோகித்து, கட்டம் போட்டு, சாதகத்துக்கும் பாதகத்துக்கும் மதிப்பெண் கொடுத்துப் பார்த்தார். இரண்டும் சமமாக வந்தன. வரும்வரை கூட்டினார் என்றும் அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பிறகு பச்சை மையில் வழக்கமான அந்த ஒரு சொல்.

கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் சாவியை முறைப்படி வாரியத்திடம் ஒப்படைத்தார். முறைப்படி ஒப்படைத்ததை எங்கே வைப்பது? கோப்பில்தான். 'இணைப்பு: சாவி' என்று எழுதி, ஓட்டை போட்டு, நாடாவில் கோத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்தக் கோப்பு மாடிப்படியில் ஏறினாலும் இறங்கினாலும் ஜல்ஜல் என்று சத்தம் வரும். அலுவலக உதவியாளர் வெள்ளைத்துரை அதற்குச் சலங்கைக் கோப்பு என்று பெயர் வைத்திருந்தார்.

சந்தையில் ஒரு சோணையம்மாள். கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து உச்சிவெயிலில் பஸ் ஏறி, கீரையும் கடலையும் கொண்டுவந்து விற்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர். கிளம்புவதற்கு முன் குடிப்பதுதான் தண்ணீர். வீடு திரும்பும்வரை நாக்கை நனைக்க மாட்டார். நனைத்தால் எங்கே போவது? இதன் பலனாகச் சிறுநீரகத்தில் கல் சேர்ந்து, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார். "தண்ணியக் குடி, இல்லைன்னா யாவாரத்த விடு. ரெண்டுல ஒண்ணு பண்ணு. மூணாவது தடவை வந்தா கிட்னி இருக்காது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வியாபாரத்தை விட்டால் அடுப்பு எரியாது.

சோணையம்மாளுக்குப் பக்கத்துக் கடை பக்ருன்னிசாவுடையது. முட்டைக் கடை. வாப்பா காலத்தில் பழைய டவுனில் இருந்த கடையை ஆனையூருக்குக் கொண்டுவந்தவர். முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவார். மனிதர்களுக்கு வெளிச்சம்கூடத் தேவையில்லை. சந்தைப் பெண்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி மனு கொடுத்தவர் அவர்தான். கழிப்பறையைத் திறந்துவிட வேண்டும், சோணையம்மாள் தண்ணீர் குடிக்க வேண்டும். அவ்வளவுதான் மனு.

மனு சலங்கைக் கோப்பில் சேர்ந்து மாடிக்கு ஏறியது. அழகுமலை கண்ணாடியைத் துடைத்தார்.

பேசுக.

இந்த இடத்தில்தான் அந்தப் பிழை நிகழ்ந்தது. பிரிவில் தட்டச்சு செய்தவர் வேலைக்குப் புதிது. சுற்றறிக்கையை முழுக்கப் படித்து, அதை அப்படியே நம்பியும் விட்டார். அந்த அலுவலகத்தில் அதுவரை யாரும் செய்யாத பிழை. அவர் இப்படி அடித்தார்: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, அதன் மீது மண்டல நிர்வாக அலுவலரால் "பேசுக" என ஆணையிடப்பட்டுள்ளது. எனவே தாங்கள் பேசுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' மனுவில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு கடிதம். தாமரைச்செல்வி அதைப் பார்த்தார். சுற்றறிக்கையை ஒரு முறை நினைத்துக்கொண்டார். சுருக்கொப்பமிட்டு மேலே அனுப்பினார். அழகுமலை எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் வேகமானவர். எல்லாவற்றிலும் போட்டார்.

அடுத்த வாரம் புதன்கிழமை காலை, பத்துமணிக்கு மேல் ஜீப்பிலிருந்து இறங்கிய அழகுமலைக்கு ஏதோ கல்யாண மண்டபத்துக்கு வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தது. படிக்கட்டு முழுக்கச் சேலை. தூக்குவாளி, வெற்றிலைப் பை, ஒரு தாம்பாளம் நிறையப் பூ.

"என்னய்யா இது?" என்றார் வெள்ளைத்துரையிடம்.

"பேச வந்திருக்காங்க சார்."

"யாரு வரச் சொன்னது?"

"நீங்கதான் சார்" என்று கடிதத்தை நீட்டினார் வெள்ளைத்துரை. பச்சைக் கையெழுத்து, சாய்வாக, மாப்பிள்ளை போல.

அழகுமலை தாமரைச்செல்வியைக் கூப்பிட்டார். அன்றுதான் முதல்முறையாக, ஒரு 'பேசுக' விஷயமாக அவர் ஏறி வந்தபோது இவர் இடத்தில் இருந்தார்.

"என்ன மேடம் இது கூத்து? பேசுகன்னா நீங்க வந்து பேசணும்னு அர்த்தம். அவங்க பேசணும்னா?"

"உங்க சுற்றறிக்கைப்படிதான் சார். ஒரு சொல் கூடாம குறையாம. நான் பேசணும்னு சேர்த்தா ரெண்டு சொல்லு கூடிப்போயிருமே."

"சரி, தப்பா அனுப்பிட்டோம்னு சொல்லித் திருப்பி அனுப்புங்க."

"அனுப்பிரலாம் சார். கடிதம் ரத்துன்னு ஒரு ஆணை போடணும். எதுக்கு ரத்துன்னு காரணம் போடணும். பேசுகங்குற ஆணைக்கு மனுதாரரப் பொறுத்தவரை அர்த்தமே கிடையாதுன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் இதுவரைக்கும் போட்ட பேசுக அம்புட்டுக்கும் யாராச்சும் அர்த்தம் கேப்பாங்க."

அழகுமலைக்கு அந்த அறையில் எங்கேயோ பதினேழு பி என்று ஒரு குரல் கேட்டது.

"வரச் சொல்லுங்க" என்றார். பயப்படவில்லை. எத்தனை கூட்டத்தைப் பார்த்தவர்! மக்களைப் பேசவிட்டால் பேசிக் களைத்துப்போவார்கள், களைத்தவன் வீட்டுக்குப் போவான் என்பது அவர் அனுபவம். பயிற்சியிலும் இதற்குச் 'செவிமடுத்தல்' என்று பெயர் சொல்லியிருந்தார்கள்.

பக்ருன்னிசா முதலில் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சலாம் சார். பேசச் சொல்லிருந்தீங்க."

"ஆமாம்மா. சொல்லுங்க. சுருக்கமா."

"சுருக்கமான்னு கடுதாசியில இல்லையே சார்." கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எதைப் பத்திப் பேசணும்னும் போடலை. அதனால எல்லாத்தையும் பேசிரலாம்னு வந்திருக்கோம். சந்தை சாயங்காலம்தான. காலையில சும்மாதான கெடக்கோம்."

"கழிப்பறை விஷயம் அரசின் தீவிரப் பரிசீலனையில…"

"அது எங்களுக்குத் தெரியும் சார். அந்தப் பரிசீலனை எங்க மேலதான நடக்குது."

அவருக்குப் பின்னால் பூக்கார முத்துத்தாய் வந்தார். முத்துத்தாய் தம் மருமகனைப் பற்றிப் பேசினார். மருமகன் ஆட்டோ வாங்கியது, விற்றது, மறுபடி வாங்கியது. அழகுமலை குறுக்கிட்டபோது, "கடுதாசியில பேசுன்னுதான சாமி போட்டுருக்கு? நான் வேற யார்ட்ட இதச் சொல்றது?" என்று மூக்கைச் சிந்தினார். தாமரைச்செல்வி எல்லாவற்றையும் குறிப்பெடுத்தார். மூன்றாமவர் தக்காளி விலை. நான்காமவர் தமக்குப் பேசத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதையே வெகுநேரம் விளக்கினார்.

சோணையம்மாளின் முறை வந்தது. ஒல்லியான உடம்பு. இடுப்பைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். சாதகம், பாதகம், மதிப்பெண் எதுவும் இல்லாமல் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னார்.

"தண்ணியக் குடின்றாரு. குடிச்சா எங்க போறதுங்கய்யா? யாவாரத்த விடுன்றாரு. விட்டா எதத் திங்கிறது? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க. நீங்க படிச்சவுக."

அழகுமலை சங்கடத்தில் நெளிந்து, மூலையில் இருந்த தண்ணீர்க் கேனைக் காட்டினார். "முதல்ல கொஞ்சம் தண்ணி குடிங்கம்மா."

"குடிச்சா இங்க போறதுக்கு இருக்கா?"

பெண்கள் கழிப்பறை அந்த அலுவலகத்திலும் உண்டு. அதில் பழைய கோப்புகளை அடுக்கிப் பூட்டிப் பல காலம் ஆகிறது. தாமரைச்செல்வியும் மற்ற பெண் ஊழியர்களும் அவசரம் என்றால் எதிரே இருக்கும் தையல்கடைக்காரம்மா வீட்டுக்குப் போய்வருவார்கள். தீபாவளிக்கு அந்த அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதும் அதனால்தான். தாமரைச்செல்வி குறிப்பேட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், அழகுமலையின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கதவை ஒரு பார்வை பார்த்தார். எல்லாக் கண்களும் அங்கே போயின.

அழகுமலையின் வாழ்க்கையில் அவரே எடுத்த முதல் முடிவு அதுதான். யோசித்து எடுத்தது அல்ல. அத்தனை பெண்கள் பார்க்கும்போது பெரிய மனிதனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் வாயிலிருந்து நழுவியது. "தாராளமா போகலாம்மா. அதுல என்ன இருக்கு?" என்று இழுப்பறையிலிருந்து அந்தக் கதவின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சோணையம்மாள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். ரொம்ப காலத்துக்குப் பிறகு வீட்டுக்கு வெளியே குடித்த தண்ணீர். கதவைத் திறந்து உள்ளே போனார். அவர் வெளியே வருவதற்குள் கேன் முன்னால் ஒரு வரிசையும் கதவு முன்னால் ஒரு வரிசையும் நின்றன. முதல் வரிசையில் முடித்தவர்கள் இரண்டாவது வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

"ஆத்தாடி, ஓடெல்லாம் வெள்ளை வெளேர்னு இருக்குடி" என்று திரும்பி வந்தவர் செய்தி சொன்னார். வரிசையில் நின்ற ஒருவர், பொழுது போகாமல், சுவரில் இருந்த சான்றிதழை எழுத்துக்கூட்டிப் படித்தார். "மு-டி-வெ-டு-க்-கு-ம் க-லை. அக்கா, சாருக்கு முடி வெட்டவும் தெரியுமாக்கா?"

"அதுவாச்சும் தெரியுமான்னு கேட்டுச் சொல்லு" என்றார் பக்ருன்னிசா.

மதியம் புளிச்சோறு பிரித்தார்கள். அழகுமலைக்கும் ஒரு தட்டு வந்தது. நன்றாக இருந்தது, இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார். புளிச்சோற்றுக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் குடித்தார். சர்க்கரை வியாதிக்காரர், ஏற்கெனவே காலையிலிருந்து மூன்று டீ. எழுந்து பின்னால் திரும்பினார். வரிசை, வாசலைத் தாண்டி மாடிப்படி வரைக்கும் போயிருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்கம்மா."

"வரிசையில வாங்கண்ணே" என்றார் வரிசையில் நின்றவர், அவர் யார் என்று கவனிக்காமல்.

கவனித்த பிறகும் விலகவில்லை. அழகுமலை கௌரவமாக நாற்காலிக்குத் திரும்பினார். கீழே ஆண்கள் கழிப்பறை என்று ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் வராது என்று ஊழியர்கள் கொடுத்த மனு மீது அவரே 'பேசுக' போட்டிருந்தார். அது இப்போது ஞாபகம் வந்தது.

மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து காணொலி ஆய்வுக் கூட்டம். வாரியத்தின் தலைமை அலுவலகத்து மேடம் எல்லா மண்டல அலுவலர்களையும் மடிக்கணினித் திரையில் வரிசையாகப் பார்ப்பார். அன்றைய பொருள், 'விரைவான முடிவெடுப்பு: மண்டல அனுபவங்கள்'. முதலில் பேச வேண்டியவர், அண்மையில் பயிற்சி பெற்றவர் என்பதால், அழகுமலை.

கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். தன்னம்பிக்கைக்காக இல்லை.

"வணக்கம் மேடம். முடிவெடுத்தல் என்பது ஒரு… ஒரு ஓட்டம் மேடம். அதை… அடக்கி வைக்கக் கூடாது."

"வெரிகுட். மிஸ்டர் அழகுமலை, உங்களுக்குப் பின்னாடி என்ன க்யூ?"

மடிக்கணினியை அந்தப் பக்கம் திருப்பினார். அங்கேயும் வரிசை. இந்தப் பக்கம் திருப்பினார். தண்ணீர்க் கேன் வரிசை.

"பொதுமக்கள் சந்திப்பு மேடம்."

"வொண்டர்ஃபுல். என்ன கோரிக்கை?"

"கழிப்பறை மேடம்." அந்தச் சொல்லை அவ்வளவு உருக்கமாக எந்த அதிகாரியும் அதுவரை உச்சரித்திருக்க மாட்டார்.

"கட்டணுமா?"

"கட்டியாச்சு மேடம்."

"அப்புறம் என்ன? திறந்தாச்சா?"

பின்னால் யாரோ தண்ணீர் பிடித்தார்கள். கேனிலிருந்து டம்ளரில் விழுகிற சத்தம் நிதானமாக, விடாமல் கேட்டது. அழகுமலையின் நெற்றியில் வியர்த்தது. இரண்டு பெரிய மனிதர்களின் முகங்கள், கல்வெட்டின் வெற்றிடம், பதினேழு பி எல்லாம் மங்கலாகத் தெரிந்து, இன்னும் மங்கி, மறைந்தே போயின. உலகத்தில் ஒரே ஒரு கதவு மட்டும் மிஞ்சியது.

"இன்னைக்கு மேடம்."

"எப்போ?"

"இப்ப. இப்பவே மேடம். நன்றி வணக்கம்" என்று மடிக்கணினியை மூடிவிட்டு ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்த வரிசை தானாக விலகியது. ஆனால் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"யாரும்மா உள்ள?"

"நான்தான் சார்." பக்ருன்னிசாவின் குரல். காலையிலிருந்து ஒரு தடவைகூட அந்தப் பக்கம் வராதவர். "பேசி முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சிட்டேன்மா. ஆனையூரைத் திறக்கச் சொல்லிட்டேன். சென்னைக்கே சொல்லிட்டேன். கொஞ்சம் வெளிய வாங்க."

"எழுத்துல இருக்கா சார்?"

"எழுதிக்கலாம்மா, முதல்ல நீங்க…"

"வாயால சொன்னது எம்புட்டோ கேட்டாச்சு சார். நீங்க எழுதுங்க. நான் பொறுமையாக் கை கழுவிட்டு வாரேன்." உள்ளே குழாய் திறந்தது. சளசளவென்று தண்ணீர் கொட்டியது.

"மேடம்! கோப்பு!" என்று அழகுமலை அலறினார்.

தாமரைச்செல்வி நகர வேண்டியிருக்கவில்லை. கோப்பு அவர் கையிலேயே இருந்தது. ஜல் என்றது. அழகுமலை அதைக் கதவின் மேலேயே வைத்து, பச்சைப் பேனாவைத் திறந்தார். காலை மாற்றி நின்றார். எழுதினார்: பே.

"சார்" என்றார் தாமரைச்செல்வி.

"பழக்க தோஷம்." அடித்தார். அடித்த இடத்தில் சுருக்கொப்பமிட்டார், அந்த அவசரத்திலும் விதி மறக்கவில்லை. பிறகு, தம் பணிக்காலத்தில் எழுதியிராத ஒரு சொல்லை, முதல் வகுப்புப் பிள்ளை போல எழுத்தெழுத்தாக எழுதினார். திறக்க.

"காரணம் போடணும் சார்" என்றார் தாமரைச்செல்வி. "விழா இல்லாம திறக்குறோம். தணிக்கையில கேப்பாங்க. ஏன் திறந்தீங்கன்னா என்ன சொல்றது?"

"அவசரம்!" என்றார் அழகுமலை. அது பதிலா, கதறலா என்று அவருக்கே தெரியாது.

தாமரைச்செல்வி அதை அரசாங்கத் தமிழில் அழகாக எழுதிக்கொண்டார். 'அவசர அவசியம் கருதி, உடனடியாகத் திறக்க ஆணையிடப்படுகிறது.' அழகுமலை கையெழுத்திட்டார். வாழ்க்கையில் அவர் கையெழுத்திட்ட காரணங்களிலேயே முழு உண்மையான காரணம் அது ஒன்றுதான்.

வெள்ளைத்துரை நாடாவை அவிழ்த்தார். சாவி கோப்பிலிருந்து கழன்று சோணையம்மாள் கையில் விழுந்தது. கதவு திறந்தது. பக்ருன்னிசா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நல்ல வசதி சார், மாஷா அல்லா. குழாய்தான் ஒழுகுது. வேணும்னா ஒரு மனு குடுத்துட்டுப் போறேன்."

பதில் சொல்ல அழகுமலை அங்கே இல்லை.

வெகுநேரம் கழித்து வெளியே வந்த அழகுமலையின் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அறை காலியாக இருந்தது. மேசையில் ஒரு முழம் மல்லிகைப்பூவும், அலுவலகத்துப் பெண்கள் கழிப்பறையிலிருந்து பழைய கோப்புகளை அகற்றுவது பற்றிய ஒரு பக்கக் குறிப்பும் இருந்தன. தாமரைச்செல்வி எழுதிய குறிப்பு. அவர் எதிரே நின்றிருந்தார், இருபது வருஷத்து முகத்தோடு. அழகுமலை கண்ணாடியைத் துடைக்கக் கழற்றினார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, துடைக்காமலே போட்டுக்கொண்டு, சரி என்று எழுதினார். தணிக்கை வரட்டும். வந்தால் அவர்களுக்கும் புளிச்சோறு போட்டு உட்கார வைத்தால் புரிந்துகொள்வார்கள்.

இரண்டு பெரிய மனிதர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. சந்தைப் பெண்கள் தாங்களே திறந்துகொண்டார்கள் என்று கேள்விப்பட்டதும், தம்முடைய முயற்சியால்தான் திறக்கப்பட்டது என்று இருவரும் தனித்தனியாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். மயில் மேல் ஒட்டாமல் முத்துத்தாய் காவல் இருந்தார். கல்வெட்டில் அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. பூக்கூடை மாட்ட அது வசதியாக இல்லை என்று மட்டும் முத்துத்தாய்க்கு ஒரு குறை.

திறந்த அன்று சாயங்காலம் சந்தையில் சோணையம்மாள் கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, செம்பில் மிச்சம் இருந்ததைப் பார்த்தார். வழக்கமாக அதையும் கீரைக்கே ஊற்றிவிடுவார்.

"குடி" என்றார் பக்ருன்னிசா, முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே.

சோணையம்மாள் செம்பை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கடகடவென்று, கழுத்து வழியாக ரவிக்கை நனைய, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். குடித்துவிட்டு இன்னொரு செம்பு கேட்டார்.